அட்டவணை யாருக்காக?

தரங்கம்பாடி,
ஐப்பசி 9

அன்புள்ள பாப்பாவுக்கு,

அத்தை எழுதுவது. நீ ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறாய் என்று உன் அம்மா புலம்பினாள். முதலில் அதை நிறுத்து. ஊரில் கொண்டல் காற்று ஆரம்பித்துவிட்டது. மழை விட்டு விட்டுப் பெய்கிறது. சம்பா நடவு முடிந்து வயல்களில் களையெடுப்பு நடக்கிறது.

நீ அனுப்பிய கட்டுரையைப் பொறையாறில் பிரிண்ட் போட்டு எடுத்து வந்து நிதானமாகப் படித்தேன். ஆராய்ச்சியில் குறை இல்லை. கடைமடை உவர் நிலத்தில் எட்டு நெல் ரகங்களை மூன்று ரெப்ளிகேஷனாக நட்டு, அறுத்து, எடை போட்டு, அனோவா வரை ஒழுங்காகச் செய்திருக்கிறாய். ‘அட்டவணைகளைத் திருத்தி அனுப்பவும்’ என்று பத்திரிகைக்காரர்கள் ஒற்றை வரியில் திருப்பிவிட்டார்கள், உள்ளே என்ன இருக்கிறது என்றுகூடப் பார்க்கவில்லை என்று உனக்கு ஆத்திரம். அதில் பாதிக்கு நியாயம் உண்டு. மீதிப் பாதிக்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் எண்கள் மனதில் நிற்காது.

உன் அட்டவணைகள் உன் கைடு பார்த்துத் தலையாட்டுவதற்காகப் போட்டவை. அச்சுக்குப் போகிற அட்டவணை அப்படியல்ல. உன்னைத் தெரியாத, உன் முடிவை ஒப்புக்கொள்ளாத ஒருவருக்காகப் போடுவது அது. அவர் பேனாவை எடுத்து உன் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்க்க அதில் வழி இருக்கவேண்டும். பத்திரிகைகள் கேட்கும் விதிகளில் முக்கால்வாசி இதிலிருந்து பிறந்தவைதான்.

நம் கரையிலேயே இதற்கு ஒரு கதை இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். நம் ஊர் பட்டதை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த ஆண்டே, கொள்ளிடத்துக்கு வடக்கே பரங்கிப்பேட்டைக் கரையை வைத்துக் கதிரேசன், ராஜேந்திரன் என்ற இருவர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 18 மீனவக் குடியிருப்புகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் கடலிலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு மேடு, முன்னால் எவ்வளவு மரம் செடி, எத்தனை சாவு என்று ஊர் ஊராக எண்களைக் கொடுத்தார்கள். அலையாத்திக் காடு உயிர்களைக் காத்தது என்பது அவர்கள் முடிவு.

2006-இல் கெர், பெயர்ட், கேம்பல் என்ற மூவர் அதே எண்களை எடுத்து மறுபடி கணக்குப் போட்டார்கள். சாவு கூடினதற்கும் குறைந்ததற்கும் தூரமும் மேடுமே பெரும்பாலும் காரணம். அவை இரண்டையும் கணக்கில் சேர்த்துவிட்டால் காட்டின் பங்கு என்று தனியாக ஏதும் தெரியவில்லை என்றார்கள். அதே ஆண்டில் வெர்மாட், தம்பான்யா என்ற இருவர் வந்தார்கள். அவர்கள் அந்த 18 ஊர்களை வேறு விதமாக வகுத்துப் பார்த்து, காட்டுக்குப் பங்கு உண்டு என்றார்கள். யார் சொன்னது சரி என்பதை நீயே படித்து முடிவு செய்துகொள். இந்த வழக்கு நடந்ததே முதல் கட்டுரைக்காரர்கள் எண்களை மறைக்காமல் அச்சில் வைத்ததால்தான். ‘தொடர்பு முக்கியத்துவம் வாய்ந்தது’ என்று ஒரு வரியும் நட்சத்திரக் குறி ஒன்றும் மட்டும் போட்டிருந்தால் யாரும் எதுவும் சொல்லியிருக்க முடியாது. கடலோரத்தில் என்ன நடுவது, வீடுகளை எங்கே கட்டுவது என்பதெல்லாம் அந்த வரியை நம்பியே போயிருக்கும்.

இப்போது உன் அட்டவணை 3-ஐ எடுத்து வைத்துக்கொள். எண்களை நான் சற்று மாற்றிச் சொல்கிறேன். கணக்கு புரிந்தால் போதும்.

ஒரு ரகத்தின் விளைச்சல் ஹெக்டேருக்கு 4237.518 கிலோ என்று போட்டிருக்கிறாய். அந்தக் கடைசி 8 என்பது எட்டு கிராம். ஒரு ஹெக்டேர் நெல்லில் எட்டு கிராமை யாரடி அளந்தது? களத்தில் ஒரு கை நெல் சிந்தினாலே அதற்கு மேல் போகும். எத்தனை இலக்கம் வைப்பது என்பதைத் திட்டப்பிழை சொல்லும். பேச்சுக்கு, உன் எஸ்.இ.டி. (வித்தியாசத்தின் திட்டப்பிழை) 210 என்றால் நூறாவது இடமே ஆடுகிறது. அப்போது 4,240 என்று எழுதினால் தாராளம். ஏரன்பெர்க் என்ற பிரிட்டிஷ் புள்ளியியலாளர் 1977-இல் இதைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். எண்களைச் சுருக்கு, ஒப்பிட வேண்டியவற்றை ஒன்றின் கீழ் ஒன்றாக வை, வரிசைகளை அளவின்படி அடுக்கு என்று அவர் சொன்னதற்கு மேல் இன்றுவரை பெரிதாக யாரும் சொல்லிவிடவில்லை. நீ டி1, டி2 என்று தொடங்கி டி8 வரை நட்ட வரிசையில் அடுக்கியிருக்கிறாய். படிப்பவர் டி5 என்ன ரகம் என்று நாலு பக்கம் புரட்டிப் போய்ப் பார்த்து வரவேண்டும். திருச்சி 1, கோ 43 என்று பெயரையே போடு. அதிக விளைச்சலை மேலே வை. பாதி விளக்கம் அதிலேயே முடிந்துவிடும்.

அடுத்து, கீழே ‘சி.டி. (0.05) 450’ என்று முக்கிய வேறுபாடு மட்டும் இருக்கிறது. 8 ரகம், 3 ரெப்ளிகேஷன் என்றால் பிழைக்கு டிகிரி ஆஃப் ஃப்ரீடம் 14. அதற்கு அட்டவணை டி மதிப்பு 2.145. எஸ்.இ.டி. 210-ஐ அதனால் பெருக்கினால் 450 வருகிறது. நான் டிசைன் தெரிந்தவள், நீ என் மருமகள், அதனால் பின்னோக்கிப் போட்டுப் பார்த்தேன். வெளியாளுக்கு அந்த வசதி வேண்டாமா? எஸ்.இ.டி., சி.டி., ரெப்ளிகேஷன் எண்ணிக்கை, டிசைனின் பெயர் நான்கும் அட்டவணைக்குள்ளேயோ அடிக்குறிப்பிலேயோ இருக்கவேண்டும். எண்களின் தலையில் சிறு எழுத்துகள் போட்டிருக்கிறாயே, ஒரே எழுத்து உள்ளவை வேறுபடாதவை என்பதையும், அது எந்தச் சோதனைப்படி வந்தது, எல்.எஸ்.டி.யா டங்கன் சோதனையா டூக்கியா என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடு. சோதனையை மாற்றினால் எழுத்தும் மாறும்.

முக்கியமான இடத்துக்கு வருகிறேன். முதல் ரகம் 4,240, விவசாயிகள் இப்போது போடுகிற ரகம் 3,910. வித்தியாசம் 330. சி.டி. 450-க்குக் கீழே இருப்பதால் ‘என்.எஸ்.’, அதாவது முக்கியத்துவம் இல்லை என்று எழுதி மூடிவிட்டாய். ஹெக்டேருக்கு 330 கிலோ என்றால் ஏக்கருக்கு 130 கிலோவுக்கு மேல், 60 கிலோ மூட்டைக் கணக்கில் இரண்டு மூட்டைக்குமேல். நம் பக்கத்துக் கடைமடைக்காரனிடம் ஏக்கருக்கு இரண்டு மூட்டை ஒன்றுமில்லை என்று சொல்லிப் பார். நம்பக இடைவெளியாக எழுது: வித்தியாசம் 330, இடைவெளி -120 முதல் 780 வரை. ஏக்கருக்கு ஒரு மூட்டை நட்டத்திலிருந்து ஐந்து மூட்டை லாபம் வரை எதுவும் இருக்கலாம், 24 பாத்தியை வைத்து இதற்கு மேல் சொல்ல முடியாது என்று அதற்குப் பொருள். என்.எஸ். என்ற இரண்டெழுத்தைப் பார்ப்பவர் ‘வித்தியாசமே இல்லை’ என்று எடுத்துக்கொள்வார். அது நீ கண்டுபிடித்தது அல்ல. 5 சதவீதக் கோடு, ஃபிஷர் ரோதம்ஸ்டெட்டில் இருந்துகொண்டு 1925-இல் எழுதிய புத்தகத்தில் வசதிக்காக எடுத்துக்கொண்டது. பி மதிப்பு ஒரு கோட்டைத் தாண்டியதா இல்லையா என்பதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள் என்று அமெரிக்கப் புள்ளியியல் சங்கமே 2016-இல் அறிக்கை விட்டது.

அட்டவணை 4-இல் பி மதிப்பை 0.000 என்று விட்டிருக்கிறாய். எஸ்.பி.எஸ்.எஸ். மூன்று இலக்கத்தோடு வெட்டிவிடுவதால் அப்படித் தெரிகிறது. நிகழ்தகவு சுழியமாகாது, < 0.001 என்று எழுது. மற்ற இடங்களில் 0.03, 0.21 என்று உள்ளதை உள்ளபடியே கொடு, நட்சத்திரத்தை நம்பாதே.

அதே அட்டவணையில் பதர் சதவீதம் 20.27 என்று இருக்கிறது. திடுக்கிட்டுப்போனேன். பிறகுதான் தெரிந்தது, நீ ஆங்குலர் மாற்றம் செய்த எண்ணை மட்டும் போட்டிருக்கிறாய். 12 சதவீதம் அந்த மாற்றத்தில் 20.27 ஆகும். மாற்றம் செய்தது சரி, சதவீதங்களுக்கு அப்படிச் செய்துதான் அனோவா போடுவது வழக்கம். ஆனால் படிப்பவருக்கு வேண்டியது 12. அதை முதலில் எழுதி, 20.27-ஐ அடைப்புக்குள் வை, எஸ்.இ.டி.யும் சி.டி.யும் அடைப்புக்குள் இருக்கும் எண்களுக்கானவை என்று அடிக்குறிப்பு போடு. களை எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் எடுத்தாயே, அதற்கும் இதே முறை.

அடுத்தது உப்பு அளவு. மண்ணின் இ.சி. (மின்கடத்துதிறன்) மதிப்புகளை வரிசையாகக் கொடுத்துவிட்டு, 4-க்கு மேல் இருப்பதால் உவர் நிலம் என்கிறாய். மீட்டருக்கு 4 டெசிசைமன்ஸ் என்ற அந்த அளவு நிறைவுற்ற மண்பசையிலிருந்து எடுத்த சாற்றுக்கான கோடு. நம் மண் பரிசோதனை நிலையங்களில் ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலக்கி அளப்பதுதான் வழக்கம். அதில் தண்ணீர் கூடுதல் என்பதால் எண் குறைந்து வரும். நீ எதில் அளந்தாய்? அலகின் பக்கத்தில் அதை எழுதாவிட்டால், விவரம் தெரிந்த ஆள் உன் நிலம் உவர் நிலமா என்பதையே சந்தேகிப்பார், கட்டுரை அங்கேயே விழுந்துவிடும்.

வெள்ளத்தில் போன பாத்திக்கு 0 போட்டிருக்கிறாய். விளையாதது வேறு, அளக்க முடியாமல் போனது வேறு. கோடு இழுத்து, ‘நீரில் மூழ்கியது’ என்று அடிக்குறிப்பு கொடு. அந்த 0 சராசரியிலும் சேர்ந்துவிட்டதா என்று உடனே பார். ± போட்ட இடங்களில் அது திட்ட விலக்கமா திட்டப்பிழையா என்றும் சொல்லு. மூன்று ரெப்ளிகேஷனில் ஒன்று மற்றதைப்போல் 1.7 மடங்கு பெரிது. சின்னதைப் போட்டுப் பெயர் சொல்லாமல் விட்டால் ஏமாற்றுவதாக நினைப்பார்கள்.

தோற்றத்துக்கு வருகிறேன். கட்டம் கட்டமாகக் கோடு போட்டிருக்கிறாய். மேலே ஒன்று, தலைப்பு வரிசைக்குக் கீழே ஒன்று, கடைசியில் ஒன்று, மூன்று படுக்கைக் கோடு போதும். நெடுங்கோடே வேண்டாம். ஈய எழுத்துக் காலத்தில் நெடுங்கோடு என்றால் அச்சுக்கோப்பவருக்கு உயிர் போகும். பித்தளை ரூலை அளந்து வெட்டி எழுத்துகளுக்கு நடுவே செருகவேண்டும். அட்டவணைக்குத் தனிக்கூலி வாங்கிய அச்சகங்கள் உண்டு. கோடு போன பிறகுதான் எண்கள் தெளிவாகத் தெரிகின்றன என்பது பிறகு எல்லோருக்கும் புரிந்தது. தசமப்புள்ளிகள் நேர்கீழாக நிற்கட்டும். தலைப்பு அட்டவணைக்கு மேலே வரட்டும், அதில் பயிர், ஊர், பருவம், ஆண்டு நான்கும் இருக்கட்டும்.

பதினோரு பத்தியைப் பக்கத்தில் அடக்க எழுத்தைப் பொடியாக்கிவிட்டாய். மாமா பூதக்கண்ணாடி கேட்டார். எழுத்தைச் சிறிதாக்கியதில் நம் ஊருக்குப் பெரிய பேர் உண்டு, தெரியுமா? சீகன்பால்கு பாதிரியார் இங்கே 1706-இல் வந்து இறங்கியவர். 1713-இல் ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்துகள் மிகப் பெரிதாக இருந்தன. புதிய ஏற்பாட்டை அதில் அச்சிட்டால் காகிதம் கட்டுப்படியாகாது என்று அவருடைய அச்சகத்து ஆட்லர் என்பவர் பொறையாறில் சிறிய எழுத்துகளை வார்த்தார். 1715-இல் அச்சு முடிந்தது. காகிதமும் இங்கேயே செய்து பார்த்தார்கள். பொறையாறில் அந்த இடத்துக்குக் கடுதாசிப்பட்டறை என்று பெயர் நின்றுவிட்டது. அவர்களுக்குக் காகிதம் இல்லை, ஒரு வசனத்தையும் விடவும் முடியாது. உனக்கு என்ன வந்தது? பயிரின் உயரம், தூர் எண்ணிக்கை, இலைப் பரப்பு என்று முடிவுக்குச் சம்பந்தமில்லாத பத்திகளைத் தூக்கி இணைப்பில் போடு. ஓர் அட்டவணை ஒரு கேள்விக்குப் பதில் சொன்னால் போதும்.

கடைசியாக, எண் எப்படி அட்டவணைக்குள் வருகிறது என்பது. ஆக்ரெஸ் மென்பொருள் கொடுத்த விடையைப் பார்த்துப் பார்த்து வேர்டில் அடித்தேன் என்றாய். அதை விடு. உனக்கு ஆர் (R) நிரல்மொழி தெரியும். அக்ரிகோலே என்ற பேக்கேஜ் சராசரி, எல்.எஸ்.டி., எழுத்து எல்லாம் போட்டுத் தரும். ஃப்ளெக்ஸ்டேபிள் அதை அப்படியே வேர்டு அட்டவணையாக மாற்றிவிடும். விவசாயிகளிடம் எடுத்த சர்வேக்கு ஜிடிசம்மரி, ரிக்ரெஷனுக்கு மாடல்சம்மரி. லேட்டெக் கேட்கும் பத்திரிகை என்றால் புக்டேப்ஸ், அதுவே மூன்று கோட்டு முறைதான். நாளைக்கு ஒரு பாத்தியின் எடையைத் திருத்த நேர்ந்தாலும், நிரலை மறுபடி ஓட்டினால் எல்லா அட்டவணையும் தானே திருந்தும். அட்டவணையைப் படமாக ஒட்டி மட்டும் அனுப்பிவிடாதே, அதிலிருந்து யாரும் எண்ணை எடுக்க முடியாது.

எக்செல்லிலும் கவனம் வேண்டும். 3-5 என்று அடித்தால் மே 3 ஆக்கிவிடும். ‘மார்ச்’, ‘செப்ட்’ என்று தொடங்கும் மனித ஜீன்களின் பெயர்களை அது தேதியாக மாற்றித் தொல்லை கொடுத்ததில், 2020-இல் ஜீன்களின் பெயரையே மாற்றினார்கள். அதைவிடப் பெரிய கதை 2010-இல் நடந்தது. நாட்டின் கடன் ஒரு ஆண்டு உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி படுத்துவிடும் என்று ரைன்ஹார்ட், ரோகாஃப் என்ற ஹார்வர்டு பொருளாதார அறிஞர்கள் எழுதினார்கள். பல அரசுகள் செலவைக் குறைக்க அதைக் கையில் எடுத்துக்கொண்டன. மாசசூசெட்ஸில் தாமஸ் ஹெர்ண்டன் என்ற ஆராய்ச்சி மாணவர் அதே எண்ணை வரவழைக்கப் பார்த்தார், வரவில்லை. அவர்களிடமே எக்செல் கோப்பை வாங்கிப் பார்த்தால், சராசரி எடுத்த இடத்தில் கீழ் வரிசைகள் ஐந்து விடுபட்டிருந்தன. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் என்று அகரவரிசையில் முதல் ஐந்து நாடுகள். 1620-இல் இங்கே கோட்டை கட்டி 1845 வரை நம் ஊரை வைத்திருந்த டென்மார்க்கும் அதில் ஒன்று. இதையும் வேறு சில குறைகளையும் திருத்தியபோது, அதிகக் கடன் நாடுகளின் சராசரி வளர்ச்சி -0.1 சதவீதம் அல்ல, 2.2 என்று 2013-இல் ஹெர்ண்டனும் அவர் ஆசிரியர்கள் இருவரும் காட்டினார்கள். கோப்பைக் கேட்டதும் கொடுத்தார்களே, அதற்கு ரைன்ஹார்டையும் ரோகாஃபையும் பாராட்டத்தான் வேண்டும்.

இன்னொன்று, அட்டவணையின் ஆயுள் உன் ஆயுளைவிட நீளம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் மாணவர்களை ஊர்களுக்கு அனுப்பி எடுத்த கணக்குகள் 1918-இல் புத்தகமாக வந்தன. அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்துப் பாலக்குறிச்சியும் அந்த ஊர்களில் ஒன்று. 1930-களில் மறுபடி அங்கே போய்க் கணக்கெடுத்தார்கள். 1983-இல் எஸ். குகன் போனார். முதலில் போனவர்கள் எழுதி வைத்ததை வைத்துத்தான் பின்னால் வந்தவர்கள் ஒப்பிட்டார்கள். நீ இன்று எடுத்த கடைமடை உப்புக் கணக்கை இன்னும் ஐம்பது வருடம் கழித்து ஒருத்தி தேடி வருவாள். கடல் எவ்வளவு உள்ளே வந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரியவேண்டும். அப்போது விளக்கம் சொல்ல நீ பக்கத்தில் இருக்கமாட்டாய், அட்டவணையும் அதன் அடிக்குறிப்பும்தான் இருக்கும்.

பத்திரிகைக்காரர்களுக்குப் பதில் எழுதும்போது காரமாக எதுவும் வேண்டாம். திருத்திய அட்டவணைகளோடு 24 பாத்தியின் எடைகளையும் இணைப்பாகச் சேர்த்து அனுப்பு. அவர்கள் கேட்காவிட்டாலும் அனுப்பு. தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது எனக்கும் ஒரு பிரதி எடுத்து வா. சராசரியையும் சி.டி.யையும் கால்குலேட்டரில் நானே போட்டுப் பார்ப்பேன். உன் அட்டவணையில் இருப்பதே வந்தால்தான் கட்டுரை சரி.

வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அத்தை